தொலைக்காட்சித் தொடரின் பொருள்களை ஏலத்தில் எடுப்பது எப்படி: முதன்முறை கேட்போருக்கு ஒரு வழிகாட்டி

2006ஆம் ஆண்டு அக்டோபர் 5 முதல் 7 வரை நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏல இல்லம், ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடரின் நாற்பதாண்டு நிறைவையொட்டி, சிபிஎஸ் பாரமவுண்ட் நிறுவனத்தின் கிடங்குகளில் இருந்த உடைகளையும் படப்பிடிப்புப் பொருள்களையும் ஏலத்துக்கு விட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள் மூன்று நாள்களில் 71 லட்சம் டாலருக்கு விலைபோயின. கதையில் விண்கலத்தின் தலைவரான கேப்டன் பிக்கார்டு ஓர் அத்தியாயத்தில் வாசிக்கும் சிறு குழல், ஊதினால் ஓசை எழாத வெறும் படப்பிடிப்புப் பொருள், 48,000 டாலருக்கு ஏலம் போனது. அந்த அத்தியாயத்தைக் கண்டு கலங்கியவர்களுக்கு இந்த விலை வியப்பைத் தராது. ஒரு வாழ்நாள் முழுவதையும் இருபத்தைந்து நிமிடங்களில் வாழ்ந்து முடித்துத் திரும்பும் மனிதனின் கையில் கடைசியில் எஞ்சி நிற்பது அந்தக் குழல் ஒன்றுதான்.

இத்தகைய ஏலங்களில் பெருஞ்செல்வர்கள் மட்டுமே கலந்துகொள்ள முடியும் என்று பலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பெரிய ஏலத்திலும் செய்திகளில் வராத சிறு தொகுதிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. கிறிஸ்டிஸ் ஏலம் முடிந்த பிறகு அதே தொடர்களின் ஆயிரக்கணக்கான பொருள்களை ‘இட்ஸ் எ ராப்’ என்ற கடை ஈபே இணையச் சந்தை வழியாகப் பல மாதங்கள் விற்றது. பெரிய ஏலத்தில் இடம்பெறாத துணை நடிகர்களின் சீருடைகளும், கதவுப் பலகைகளும், சின்னஞ்சிறு கருவிகளும் அப்போது எளிய ரசிகர்களின் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அப்படிப்பட்ட ரசிகரை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதற்படி: பட்டியலின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்

ஏலத்துக்குச் சில வாரங்கள் முன்பாகவே பட்டியல் வெளிவந்துவிடும். அதில் ஒவ்வொரு பொருளும், அல்லது சேர்த்து விற்கப்படும் சில பொருள்களும், ஒரு ‘லாட்’, அதாவது தொகுதி, எண்ணின் கீழ் இடம்பெறும். படத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் விவரிப்பின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வாசிக்க வேண்டும், ஏனெனில் விலையின் பெரும்பகுதி அந்தச் சொற்களில்தான் அடங்கியிருக்கிறது.

‘ஹீரோ’ என்றால் அது கதாநாயகனுடையது என்று பொருளல்ல. கேமரா நெருங்கிவந்து காட்டும்போது கையில் இருப்பதற்காக மிக நுணுக்கமாகச் செய்யப்பட்ட படி (ஒரே பொருளின் பல வடிவங்களில் ஒன்று) அது. வாளாக இருந்தால் உலோகத்தாலும், ஒளிக்கருவியாக இருந்தால் உள்ளே விளக்கு எரியும்படியும் செய்திருப்பார்கள். ‘ஸ்டண்ட்’ என்பது சண்டைக் காட்சியில் யார்மீதும் பட்டுக் காயம் நேராதிருக்க ரப்பரில் வார்த்தெடுத்த படி. பின்னணியில் நிற்பவர்களின் இடுப்பில் தொங்குவதற்கென்று இன்னும் எளிமையாகச் செய்த படிகளும் உண்டு. ஒரே ஆயுதத்தின் இம்மூன்று வடிவங்களும் ஒரே ஏலத்தில் மூன்று மிக வேறுபட்ட விலைகளுக்குப் போகும்.

இதைவிட முக்கியமானது ‘ஸ்கிரீன் மேட்ச்டு’, ‘ஸ்கிரீன் யூஸ்டு’, ‘புரொடக்ஷன் மேட்’ என்ற மூன்று சொற்களுக்கு இடையிலுள்ள தூரம். முதலாவது, இந்தக் குறிப்பிட்ட பொருளே இந்தக் குறிப்பிட்ட காட்சியில் இருக்கிறது என்று படச்சட்டத்தோடு ஒப்பிட்டு நிறுவப்பட்டது. இரண்டாவது, படப்பிடிப்பில் பயன்பட்டது என்று நம்பத் தகுந்த காரணம் உள்ளது. மூன்றாவது, தயாரிப்புக்காகச் செய்யப்பட்டது என்பதற்கு மேல் எதையும் உறுதிசெய்யவில்லை, அது கேமராவின் முன் வராமல் பெட்டியிலேயே கிடந்திருக்கவும் கூடும். விவரிப்பில் இம்மூன்றில் எதுவும் இல்லாமல் ‘அந்தப் பாணியிலான’ என்றோ ‘காட்சிக்காகச் செய்யப்பட்ட’ என்றோ இருந்தால், அது படப்பிடிப்புக்கு உரியதல்ல என்ற உண்மையை விற்பவர் சொல்லிவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 10 முதல் 12 வரை டாலஸ் நகரில் ஹெரிடேஜ் ஏல இல்லம் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் 900க்கும் மேற்பட்ட தொகுதிகளை விற்றது. மொத்த விற்பனை 2.1 கோடி டாலரைத் தாண்டியது. அவற்றில் மிக உயர்ந்த விலையான 14.9 லட்சம் டாலருக்குப் போன இரும்பு அரியணை, படப்பிடிப்பில் நடிகர்கள் அமர்ந்த அரியணையிலிருந்து அச்செடுத்துப் பிளாஸ்டிக்கில் வார்த்து, கண்காட்சிகளுக்குக் கொண்டுசெல்வதற்காகச் செய்யப்பட்டது. விவரிப்பில் இது மறைக்கப்படவில்லை. தெரிந்தே வாங்கியவர் ஏமாந்தவர் ஆகமாட்டார். விவரிப்பை வாசிக்காமல் ஏலம் கேட்பவருக்குத்தான் ஆபத்து.

இரண்டாம் படி: சான்றை நீங்களே தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். நீங்கள் பணம் கொடுப்பது துணிக்கோ ரப்பருக்கோ ஆகாது. அந்தத் துணி அந்தத் தொடரில் இருந்தது என்பதற்கான சான்றுக்கே நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். சான்று கழன்று போனால் கையில் மிஞ்சுவது பழைய சட்டை.

வலுவான சான்று என்பது கைமாறிய வழி இடைவெளியின்றித் தெரிவதாகும். ஸ்டூடியோவே நேரடியாக விற்றால் அதைவிடச் சிறந்தது இல்லை. 2006 ஏலத்தின் பட்டியலுக்கு விவரிப்புகள் எழுத, ஸ்டார் டிரெக் தொடர்களின் கலைப்பிரிவில் நீண்ட காலம் பணியாற்றிய மைக்கேல் ஒகுடாவும் அவருடைய மனைவி டெனிஸ் ஒகுடாவும் துணைநின்றார்கள். அத்தனை கவனத்துக்குப் பிறகும், டேட்டா என்ற கதாபாத்திரம் சீட்டாடும்போது நெற்றியில் அணிந்த ஒளிமறைப்பு (வைசர்) என்று விற்கப்பட்ட பொருளை வாங்கிய ஒருவர், அது தாம் அணிந்ததல்ல என்று அந்தப் பாத்திரத்தில் நடித்த பிரென்ட் ஸ்பைனரே தம்மிடம் சொன்னதாகக் கூறி ஏல இல்லத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ஸ்டூடியோவின் கிடங்கிலிருந்து வந்த பொருளைப் பற்றியும் இப்படிக் கேள்வி எழக்கூடும் என்றால், மூன்று நான்கு கைகள் மாறி வந்த பொருளைப் பற்றி எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒப்பிடும் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். தொடரின் புளூ-ரே தட்டு இருந்தால் அந்தக் காட்சியை நிறுத்தி, பொருளில் தற்செயலாக விழுந்த அடையாளங்களைத் தேடுங்கள். வடிவமைப்பில் உள்ளவை எல்லாப் படிகளிலும் இருக்கும் என்பதால் அவை எதையும் நிறுவுவதில்லை. மரத்தின் ரேகை, வண்ணம் உதிர்ந்த இடம், தோலில் விழுந்த கீறல், கோடு போட்ட துணியில் தையலோரம் கோடுகள் சந்திக்கும் விதம் ஆகியவை இரண்டு பொருள்களில் ஒன்றுபோல் அமைவதில்லை. ஏல இல்லத்தின் படங்கள் போதவில்லை என்றால் கூடுதல் படங்களும் பொருளின் நிலை அறிக்கையும் கேட்கலாம். இவை பெரும்பாலும் கட்டணமின்றிக் கிடைக்கும். கேட்பதற்குத் தயங்கக் கூடாது.

உடை என்றால் உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு விண்வெளித் தொடரில் பின்னணியில் நின்ற துணை நடிகர் ஒருவரின் சீருடை இருக்கிறது. வெளிப்புறம் கடையில் கிடைக்கும் நகல் உடையைப் போலவே இருக்கும். கழுத்துப் பட்டியைத் திருப்பினால்தான் அதன் வாழ்க்கை தெரியும். பட்டியின் உள்விளிம்பு நெடுக ஒப்பனையின் செம்பழுப்புக் கறை துவைத்தும் போகாமல் படிந்திருக்கிறது. அதற்குக் கீழே வெள்ளைத் துணிப்பட்டை ஒன்றில் ஒரு பெயர் எழுதப்பட்டு, அது அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறொரு பெயர் மையால் எழுதப்பட்டிருக்கிறது. உடை இருவருக்குப் பயன்பட்டிருக்கிறது. அக்குள் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டு மறுபடி தைத்த தடம், அந்த இரண்டாமவர் முதலாமவரைவிடச் சற்றுப் பருமனானவர் என்று சொல்கிறது. அதைத் தைத்த தையற்காரரின் அவசரம்கூட நூலின் இடைவெளியில் தெரிகிறது. சான்றிதழ் காகிதத்தைவிட இந்தக் கழுத்துப் பட்டியையே நான் அதிகம் நம்புகிறேன்.

தொடரின் வரலாற்றை அறிந்திருப்பதும் சான்றின் ஒரு பகுதிதான். எடுத்துக்காட்டாக, ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் முதல் இரண்டு பருவங்களில் (சீசன்களில்) முதன்மை நடிகர்கள் உடலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பாண்டெக்ஸ் சீருடை அணிந்தார்கள். அது முதுகுவலியை உண்டாக்கியதாக நடிகர்கள் முறையிட்டார்கள். மூன்றாம் பருவத்தில் உடை வடிவமைப்பாளர் ராபர்ட் பிளாக்மன் கம்பளித் துணிக்கு மாறி, கழுத்துப் பட்டியும் சேர்த்தார். முதற்பருவக் காட்சி ஒன்றில் பிக்கார்டு அணிந்தது என்று கம்பளிச் சீருடை ஒன்று விற்பனைக்கு வந்தால், இந்த ஒரு தகவலே உங்களைக் காப்பாற்றிவிடும்.

விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முதல் ‘ஸ்டார் டிரெக்’ தொடருக்காகச் செய்த 33 அங்குல எண்டர்பிரைஸ் விண்கல மாதிரி 1970களில் காணாமல் போனது. 2023இல் அது ஈபேயில் விற்பனைக்கு வந்தபோது ரசிகர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஹெரிடேஜ் இல்லம் அதை ஆராய்ந்து உறுதிசெய்தது. 2024இல் அது தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் மகன் கைக்குத் திரும்பியது. அரிய பொருள் ஒன்று எந்த விளக்கமும் இன்றி மலிவாகக் கிடைக்கிறது என்றால், கை வைப்பதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும்.

மூன்றாம் படி: கணக்குப் போடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். ஏலம் விடுபவர் சுத்தியை அடிக்கும்போது சொல்லும் தொகை நீங்கள் கட்டப்போகும் தொகை அல்ல. அதன்மேல் ‘பையர்ஸ் பிரீமியம்’ என்ற வாங்குவோர் கட்டணம் சேரும். 2006இல் கிறிஸ்டிஸ் முதல் 2,00,000 டாலருக்கு 20 விழுக்காடும் அதற்கு மேற்பட்ட தொகைக்கு 12 விழுக்காடும் வசூலித்தது. அந்த ஏலத்தின் உச்ச விலையான எண்டர்பிரைஸ்-டி விண்கலத்தின் மாதிரிக்குச் சுத்தி 5,00,000 டாலரில் விழுந்தது. கட்டணமாக 40,000மும் 36,000மும் சேர்ந்து 5,76,000 டாலர் ஆனது. பட்டியலில் அதற்கு 25,000 முதல் 35,000 டாலர் வரை என்றுதான் மதிப்பிட்டிருந்தார்கள். இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: ரசிகர் ஏலத்தில் மதிப்பீடு என்பது தொடக்கக் குறிப்பு மட்டுமே, எல்லை அல்ல. செய்திகளில் வரும் விலைகள் பெரும்பாலும் கட்டணத்தையும் சேர்த்தவை என்பது மற்றொன்று.

இன்று 25 விழுக்காடும் அதற்கு மேலும் கட்டணம் வாங்கும் இல்லங்கள் பல. ஆகவே உங்களிடம் மொத்தம் 1,000 டாலர் இருக்கிறது என்றால் 800 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது. அந்த 800 கூட, பொதி கட்டுவதற்கும் அனுப்புவதற்கும் காப்பீட்டுக்கும் தனியாகப் பணம் இருந்தால்தான். ஒரு கவசத்தையோ ஆளுயரப் பொம்மையில் மாட்டிய உடையையோ மரப்பெட்டியில் அனுப்பும் செலவு சில வேளைகளில் பொருளின் விலையையே தொட்டுவிடும் என்பதால், கேட்பதற்கு முன்னரே ஏல இல்லத்திடமிருந்து அனுப்புசெலவின் மதிப்பீட்டை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து வாங்குவோர் சுங்க வரியையும், அதன்மேல் வரும் ஜிஎஸ்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவை பொருளின் விலையோடு அனுப்புசெலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகையின்மீது கணக்கிடப்படும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் வரும். அதன் வரம்பு ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்பதால் நம்மில் பெரும்பாலோருக்கு அது தடையாகாது, ஆனாலும் வங்கி கேட்கும் படிவத்துக்கும் காலத்துக்கும் இடம் விட வேண்டும். விலையைக் குறைத்துக் காட்டி ரசீது தரும்படி விற்பவரைக் கேட்காதீர்கள். அது சட்டவிரோதம், அத்துடன் வழியில் பொருள் சேதமடைந்தால் குறைத்துக் காட்டிய தொகைதான் காப்பீட்டில் கிடைக்கும். உலோக வாள்களுக்கு ஆயுதச் சட்டமும், விலங்கின் உரோமம், இறகு, அரிய உயிரினங்களின் தோல் சேர்ந்த உடைகளுக்கு வன உயிரின வணிகக் கட்டுப்பாடுகளும் குறுக்கே நிற்கக்கூடும். அவற்றைப் பற்றிச் சுங்க முகவர் ஒருவரிடம் ஏலத்துக்கு முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

நான்காம் படி: பதிவும் ஏல நாளும்

பதிவு செய்வது எளிது. அடையாள ஆவணமும் கடனட்டையும் கேட்பார்கள், பெரிய தொகைகளுக்கு முன்பணமோ வங்கிக் கடிதமோ கேட்பதுண்டு. ஏலத்தின் காலையில் பதிவு செய்யலாம் என்று விட்டுவிட்டால் அனுமதி வருவதற்குள் உங்கள் தொகுதி போய்விடும். மூன்று நான்கு நாள்கள் முன்னரே முடித்துவிடுங்கள்.

கேட்பதற்கு நான்கு வழிகள் உண்டு. நேரில் அட்டையைத் தூக்கிக் கேட்கலாம். தொலைபேசியில் ஏல இல்லத்தின் பணியாளர் ஒருவர் வழியாகக் கேட்கலாம். இணையத்தில் நேரலையாகக் கேட்கலாம். அல்லது உங்கள் உச்சத் தொகையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு உறங்கப் போகலாம். முதன்முறை கேட்போருக்குக் கடைசி வழியையே பரிந்துரைப்பேன். எழுதிக் கொடுத்த உச்சத் தொகை முழுவதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எதிரில் கேட்பவரைத் தாண்டத் தேவையான அளவு மட்டுமே உங்கள் சார்பில் கேட்பார்கள். டாலஸில் காலை பத்து மணிக்குத் தொடங்கும் அக்டோபர் ஏலம் சென்னையிலும் கொழும்பிலும் இரவு எட்டரை மணிக்குத் தொடங்கும். நூற்றுக்கணக்கான தொகுதிகள் ஒவ்வொன்றாக வரும்போது உங்கள் எண் நள்ளிரவு தாண்டியும் வராமல் இருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் முடிவு விலையுயர்ந்ததாகிவிடும்.

நேரலையில் கேட்பதென்றால் உச்சத் தொகையைத் தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஏலக் கேள்வி ஒவ்வொன்றும் சுமார் பத்து விழுக்காடு ஏறிச் செல்லும், ‘இன்னும் ஒரே ஒரு தரம்’ என்று நான்கு முறை கேட்டால், இடையில் எதிரில் கேட்பவரும் ஏற்றுவதால், விலை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். நம் ஊர் ஏலத்தில் ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று நிதானமாகச் சொல்வதைப் போல அங்கே எப்போதும் காத்திருக்க மாட்டார்கள். இணையத்தில் சில நொடித் தாமதமும் இருக்கும். உங்களுக்கு முன் வரும் இருபது தொகுதிகளையாவது பார்த்து அந்த ஏலம் விடுபவரின் வேகத்தைப் பழகிக்கொள்ளுங்கள். சுத்தி விழுந்த பின் வாங்கவில்லை என்று சொல்ல முடியாது, அது ஒப்பந்தம்.

இன்னொரு அறிவுரையும் உண்டு. எல்லோரும் விரும்பும் ஒரு பொருளை மட்டும் குறிவைத்து வந்தால் வெறுங்கையோடு திரும்ப நேரும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ஏலத்தில், அந்தத் தொடரின் முதன்மைக் கதாபாத்திரங்களில் ஒருவரான ஜான் ஸ்னோவின் லாங்கிளா வாள் 4,00,000 டாலருக்குப் போனது. அந்த உயரத்தில் நமக்கு வேலையில்லை. கடைசி நாளின் பிற்பகலில் வரும் தொகுதிகள், பலவற்றைச் சேர்த்துக் கட்டிய தொகுதிகள், படம் தெளிவாக இல்லாதவை ஆகியவற்றை நன்றாகப் படித்து ஐந்தாறைத் தேர்ந்துவையுங்கள். நீங்கள் அந்தத் தொடரை மற்றவர்களைவிட ஆழமாக அறிந்திருந்தால், விவரிப்பு எழுதியவர் கவனிக்காமல் விட்ட ஒரு பொருள் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

பணத்தைக் குறித்த நாளுக்குள் கட்டிவிட்டு, சான்றிதழ், ரசீது, பட்டியலின் அந்தப் பக்கம், கடிதப் போக்குவரத்து அனைத்தையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். உடையில் தைத்திருக்கும் துணிப்பட்டையையோ கட்டியிருக்கும் குறிச்சீட்டையோ ஒருபோதும் நீக்காதீர்கள். பொருள் உங்களுடையது ஆனாலும் அதன் வடிவமைப்புக்கான உரிமை ஸ்டூடியோவிடமே இருக்கிறது, நகல்கள் செய்து விற்க முடியாது.

பிறகு பாதுகாப்பு. இவை ஒரு பருவத்துக்குத் தாங்கினால் போதும் என்று செய்யப்பட்டவை, பரம்பரைச் சொத்தாகச் செய்யப்பட்டவை அல்ல. முகமூடிகளில் உள்ள நுரை ரப்பர் காற்றும் ஒளியும் பட்டால் இறுகிப் பொடியாக உதிரும். அதை நிறுத்த முடியாது, இருளிலும் குளிர்ச்சியிலும் வைத்துத் தாமதப்படுத்தலாம். உடைகளைத் துவைக்கவே கூடாது. ஒப்பனைக் கறையும் படப்பிடிப்புக்காகப் பூசிய செயற்கைச் சேறும் அவற்றின் அடையாளம். கனமான உடைகளைத் தொங்கவிட்டால் தோள்தையல் கிழியும், ஆகவே அமிலமற்ற மெல்லிய தாளை மடிப்புகளுக்கு இடையில் வைத்துப் படுக்கையாக வையுங்கள். என் சீருடையை அனுப்பிய நிறுவனம் அதை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் ஒட்டி அனுப்பியிருந்தது. ஐப்பசி மழையில் வந்து சேர்ந்த அதை இரண்டு வாரம் அப்படியே பீரோவில் வைத்திருந்தேன், திறந்தபோது முழங்கைப் பக்கம் வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தது. மென்தூரிகையால் துடைத்தெடுக்க முடிந்தது, ஆனால் துணியில் அந்த இடம் இன்றும் சற்று வெளுத்தே இருக்கிறது. நம் கடலோரக் காற்றில் நெகிழிப் பை துணிக்குப் பகை. பொருள் வந்த அன்றே பிரித்து, பருத்தித் துணியில் சுற்றி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அவற்றை மாற்றுங்கள்.

காட்சிக்கு வைப்பதானால் வெயில் படாத சுவரையும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியையும் தேர்ந்தெடுங்கள். ஆண்டில் சில மாதங்கள் வெளியில் வைத்துவிட்டு மீதிக் காலம் இருட்டில் ஓய்வு கொடுங்கள். என் சீருடை ஆடி முதல் மார்கழி வரை பெட்டியில்தான் இருக்கிறது. தை பிறந்ததும் எடுத்து, கழுத்துப் பட்டியைத் திருப்பி அந்த இரண்டு பெயர்களையும் ஒருமுறை பார்த்துவிட்டே மாட்டுகிறேன்.